ஆக்ஸ்புர்க் நகரத்துக்குள் ஒரு சிற்றூர்: ஃபுக்கெராய் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் நகரத்தின் நடுவே, மதிலும் வாயில்களும் தெருக்களும் தேவாலயமும் தனக்கெனக் கொண்ட ஒரு சிறிய குடியிருப்பு ஐந்நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. அங்கே ஆண்டு வாடகை ஒரு யூரோவுக்கும் குறைவு என்ற செய்தி அவ்வப்போது நம் கைப்பேசிகளுக்கு வந்து போகும். அச்செய்தி உண்மைதான். ஆனால் அந்த வாடகை எப்படி நிலைத்தது என்பதே அறிய வேண்டியது. ஆகவே கீழ்வரும் விடைகளில் சில சுருக்கமாகவும், அதனைத் தொடும் விடைகள் சற்று நீளமாகவும் அமைந்துள்ளன.

ஃபுக்கெராய் என்பது என்ன? அது எங்கே இருக்கிறது?

பவேரியா மாநிலத்தில், மூனிக்கிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக்ஸ்புர்க், ஏறக்குறைய மூன்று லட்சம் மக்கள் வாழும் பழைய வணிக நகரம். அதன் பழைய நகர்ப்பகுதிக்குக் கிழக்கே, முன்னாளில் கைவினைஞர்களும் கூலித் தொழிலாளர்களும் வாழ்ந்த பகுதியில், நான்கு ஏக்கருக்கும் சற்றுக் குறைவான பரப்பில் ஃபுக்கெராய் அமைந்துள்ளது. இன்று அதில் 67 வீடுகளும், அவற்றுக்குள் 140 குடியிருப்புகளும் உள்ளன. ஏறத்தாழ 150 பேர் வாழ்கிறார்கள். ஃபுக்கர் என்ற வணிகக் குடும்பம் கட்டியதால் ஊரார் அதை ஃபுக்கெராய் என்றே அழைத்தார்கள், அப்பெயர் நிலைத்துவிட்டது.

இதை ஒரு தனி ஊர் என்று சொல்ல முடியுமா? தனி நிர்வாகம் உண்டா?

சட்டப்படி அது தனி ஊர் அன்று. அதற்கு மேயரோ நகரமன்றமோ கிடையாது. ஆக்ஸ்புர்க் நகரத்துக்குப் பொருந்தும் சட்டங்கள் அனைத்தும் அங்கும் பொருந்தும். நிலமும் கட்டடங்களும் ஃபுக்கர் குடும்ப அறக்கட்டளைகளுக்குச் சொந்தம். அறக்கட்டளை அமர்த்தும் நிர்வாகி ஒருவர் அன்றாடக் காரியங்களைக் கவனிக்கிறார். அவருக்கு மேலே, ஃபுக்கர் குடும்பத்தின் மூன்று கிளைகளைச் சேர்ந்தவர்கள் அமரும் குடும்ப மன்றம் இருக்கிறது.

இருந்தாலும், ஊர் என்று சொல்லத் தக்கவை எல்லாம் அங்கே இருக்கின்றன: சுற்றுமதில், வாயில்கள், பெயருள்ள தெருக்கள், நீரூற்று, தேவாலயம், இரவுக் காவல். பெருந்தெருவிலிருந்து வாயிலைக் கடந்து உள்ளே சென்றதும் வண்டிகளின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். ஊருக்குள் ஊர் என்று மக்கள் சொல்வதற்குச் சட்டத்தைவிட இந்த அனுபவமே காரணம் என்று தோன்றுகிறது.

இதைக் கட்டியவர் யார்? அவருடைய நோக்கம் என்ன?

கட்டியவர் யாக்கோப் ஃபுக்கர் (1459–1525). அவருடைய பாட்டனார் ஹான்ஸ் ஃபுக்கர் 1367ஆம் ஆண்டு அருகிலிருந்த ஒரு கிராமத்திலிருந்து ஆக்ஸ்புர்க்குக்கு வந்த நெசவாளர். இரண்டு தலைமுறைகளுக்குள் அக்குடும்பம் துணி வணிகத்திலிருந்து டிரோல் பகுதியின் வெள்ளிக்கும், அன்றைய ஹங்கேரியின் செம்புக்கும், அங்கிருந்து அரசர்களுக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கும் வளர்ந்தது. 1519ஆம் ஆண்டு ஐந்தாம் சார்லஸ் புனித ரோமானியப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்காக, வாக்குரிமை பெற்றிருந்த சிற்றரசர்களுக்கும் பேராயர்களுக்கும் வாரி இறைக்கப்பட்ட சுமார் எட்டரை லட்சம் கில்டரில் (கில்டர் என்பது அக்காலப் பொன் நாணயம்) ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் ஃபுக்கர் நிறுவனம் திரட்டிக் கொடுத்தது. பேரரசரையே கடனாளியாக வைத்திருந்த மனிதர் என்று யாக்கோபைச் சொன்னால் அது மிகையன்று.

வீடுகளைக் கட்டும் பணி 1516இல் தொடங்கியது. தாமஸ் கிரெப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1523க்குள் 52 வீடுகளை எழுப்பினார். 1521ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் அறக்கட்டளைச் சாசனம் எழுதப்பட்டது. வாயிலின் மேலுள்ள 1519ஆம் ஆண்டு இலத்தீன் கல்வெட்டில் யாக்கோபின் பெயரோடு, அதற்கு முன்பே இறந்துவிட்ட அவருடைய அண்ணன்மார் உல்ரிக், கியோர்க் ஆகியோரின் பெயர்களும் இருக்கின்றன. நேர்மையாக உழைத்தும் வறுமையில் வாடும் தம் நகரத்தாருக்காக இவ்வீடுகளை அளிப்பதாக அக்கல்வெட்டு கூறுகிறது.

நோக்கம் என்ன என்ற கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. ஏழைகளுக்கு உதவுவது நோக்கம்தான். ஆனால் தம் ஆன்மாவுக்கு வழி தேடுவதும் அதே அளவு நோக்கமாக இருந்தது. வட்டிக்குக் கொடுப்பதைப் பாவமென்று கருதிய காலத்தில் வட்டியாலும் ஏகபோகத்தாலும் செல்வம் சேர்த்தவர் அவர். பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்று வந்த பணத்தை ரோமுக்குக் கொண்டு சேர்த்ததிலும் அவருடைய நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. கத்தோலிக்கச் சபையில் சீர்திருத்தம் கோரிய துறவி மார்ட்டின் லூதர் எதிர்த்தது இந்த விற்பனையைத்தான். 1518ஆம் ஆண்டு அவர் ஆக்ஸ்புர்க்குக்கு அழைக்கப்பட்டு, போப்பின் தூதரான கர்தினால் கஜெத்தானால் விசாரிக்கப்பட்டது ஃபுக்கர் மாளிகையிலேயே. மேலும், யாக்கோபின் செம்பும் வெள்ளியும் சுரங்கத் தொழிலாளர்களின் உழைப்பிலிருந்து வந்தவை. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் வள்ளலாகக் காட்டும் சுற்றுலாக் கையேடுகளை நான் நம்புவதில்லை. அதே சமயம், கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட அறம் என்பதாலேயே இது நிலைத்தது என்றும் கருதுகிறேன். தம் நிறுவனத்தின் பேரேட்டில் ஆக்ஸ்புர்க்கின் காவல் புனிதரான உல்ரிக்கின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அறப்பணிக்கான பணத்தை அதில் வரவு வைத்த மனிதர் அவர்.

இந்தியாவுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு. 1505ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ டி அல்மெய்தாவின் தலைமையில் லிஸ்பனிலிருந்து மலபார் கரைக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களில் ஜெர்மானிய, இத்தாலிய வணிகர்கள் பங்குப் பணம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஃபுக்கர் நிறுவனமும் ஒன்று. அதன் பங்கு 4,000 குருசாதோ என்னும் போர்த்துகீசியப் பொற்காசுகள். அதே நகரத்தைச் சேர்ந்த வெல்சர் நிறுவனத்தின் பங்கு 20,000. அக்கப்பல்கள் மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பின.

மிளகை வாங்க ஐரோப்பாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட சரக்குகளில் செம்பு முக்கியமானது. 2008ஆம் ஆண்டு நமீபியக் கடற்கரையில், வைரச் சுரங்கப் பகுதி ஒன்றில், 1533இல் இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமற்போன பொம் ஜேசுஸ் எனக் கருதப்படும் போர்த்துகீசியக் கப்பலின் சிதைவு கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான பொற்காசுகளோடு, ஏறத்தாழ 1,800 செம்புக் கட்டிகளும் இருந்தன. அவற்றின் மேல் ஃபுக்கர் நிறுவனத்தின் திரிசூல முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. நம் கரைக்கு வந்து சேராமலே போன செம்பு அது.

ஆண்டு வாடகை 88 சென்ட் என்பது உண்மையா?

உண்மை. சாசனம் குறித்த வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர். நாணயங்கள் மாறிய ஒவ்வொரு முறையும், விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல் அந்தத் தொகை அப்படியே மாற்றி எழுதப்பட்டது. கடைசியாக யூரோ வந்தபோது அது 0.88 யூரோ ஆயிற்று. நம் பணத்தில் நூறு ரூபாயைத் தொடாது.

இங்கே ஒரு திருத்தம் தேவை. அன்று ஒரு கில்டர் என்பது அற்பத் தொகை அன்று. ஒரு கைவினைஞரின் ஒரு வாரக் கூலிக்கு ஏறத்தாழ நிகரானது. அதாவது, யாக்கோப் வீட்டை இலவசமாகக் கொடுக்கவில்லை. உழைப்பவரால் செலுத்தக்கூடிய, வெளியில் கேட்கப்பட்டதைவிடக் குறைந்த ஒரு வாடகையை வைத்தார். வாடகை கொடுப்பவர் பிச்சை பெறுபவர் ஆகமாட்டார் என்பது அதன் உட்பொருள். அடுத்தடுத்த தலைமுறையினர் அந்த எண்ணைத் தொடாமல் விட்டதால்தான் அது இன்று அடையாளத் தொகையாகத் தேய்ந்து நிற்கிறது. சாசனத்தில் எழுதியதை மாற்றக் கூடாது என்ற பிடிவாதம் எத்தனையோ இடங்களில் கேடு விளைவித்திருக்கிறது. இங்கே நன்மை செய்திருக்கிறது.

வெப்பமூட்டுதல், மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் செலவைக் குடியிருப்போரே ஏற்க வேண்டும். மாதச் செலவு என்று பார்த்தால் அதுதான் பெரியது; இருந்தாலும் ஜெர்மன் நகர வாடகைகளோடு ஒப்பிட்டால் அதுவும் மிகச் சிறிய தொகையே.

அங்கே யார் குடியேறலாம்?

தொடக்கம் முதல் இன்றுவரை மூன்று தகுதிகள் சொல்லப்படுகின்றன: ஆக்ஸ்புர்க் நகரத்தவராக இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், தம் குற்றமின்றி வறுமைக்கு ஆளானவராக இருக்க வேண்டும். விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியல் எப்போதும் உண்டு.

தொடக்க காலத்தில் பிச்சையெடுப்போருக்கு அங்கே இடம் இல்லை. நோயாலோ, தொழில் நசிந்ததாலோ, பிள்ளைகள் பலர் என்பதாலோ வீட்டு வாடகைக்குத் திணறிய, ஆனால் கையேந்த நாணிய நெசவாளர்களும் கூலியாள்களும் சிறு கைவினைஞர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். வீட்டிலேயே தங்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். நிலைமை சீரானதும் வெளியேறியவர்களும் உண்டு. இன்று குடியிருப்போரில் முதியவர்கள், குறிப்பாகக் குறைந்த ஓய்வூதியத்தில் தனித்து வாழும் பெண்கள், கணிசமாக இருக்கிறார்கள். இளையோரும் குழந்தைகளுடன் இருப்போரும் சேர்க்கப்படுகிறார்கள்.

கத்தோலிக்கருக்கு மட்டும் என்ற நிபந்தனை இக்காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. தனியார் அறக்கட்டளை ஒன்று தன் சாசனப்படி நடக்கிறது என்பதே அதற்குத் தரப்படும் விடை. சாசனம் எழுதப்பட்ட 1521இல் ஆக்ஸ்புர்க்கில் ஏறத்தாழ எல்லோரும் கத்தோலிக்கரே என்பதால் அந்நிபந்தனை அன்று யாரையும் பெரிதாக விலக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம். சில ஆண்டுகளில் நகரத்தின் பெரும்பகுதி லூதரின் பக்கம் போனபோது அதே நிபந்தனை வேலியாக மாறியது.

நாள்தோறும் மூன்று முறை ஜெபிக்க வேண்டுமாமே? யாராவது சரிபார்க்கிறார்களா?

வாடகையின் மறுபாதி அதுதான். நிறுவனருக்காகவும் அவர் குடும்பத்தாருக்காகவும் பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றையும் நாளுக்கு ஒரு முறை சொல்ல வேண்டும் என்பதே நிபந்தனை. மூன்று முறை என்பது தவறு. மூன்று ஜெபங்கள் என்பதே சரி. யாரும் சரிபார்ப்பதில்லை, அது குடியிருப்பவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது.

வீடுகள் எப்படி இருக்கும்?

மஞ்சட்காவி பூசிய சுவர், பச்சை நிறச் சன்னல் கதவுகள், செங்குத்தான ஓட்டுக் கூரை, இரண்டு தளம். ஒவ்வொரு வீட்டிலும் கீழே ஒரு குடியிருப்பு, மேலே ஒரு குடியிருப்பு; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 சதுர மீட்டர், அதாவது 650 சதுர அடி அளவு. கீழ்த்தளத்தாருக்கு வீட்டின் பின்புறம் சிறு தோட்டம், மேல்தளத்தாருக்குப் பரண்.

தெருவில் நின்று பார்க்கும்போது ஒரு செய்தி கண்ணில் படும். மேல்தளத்தாருக்கும் கீழ்த்தளத்தாருக்கும் தெருவிலேயே தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. மேல்தளத்துக்குரிய கதவைத் திறந்தால் நேரே படிக்கட்டு. அடுத்தவர் வாசலைக் கடந்து எவரும் தம் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. ஏழைகளுக்கென்று கட்டப்பட்ட அக்காலத்து இல்லங்களில் பெரிய கூடங்களில் கட்டில்களை வரிசையாகப் போட்டு வைப்பதே வழக்கமாக இருந்தது. ஃபுக்கெராயிலோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு, தனிக் கூடம். இந்த வீடுகளின் உண்மையான புதுமை வாடகையில் இல்லை, இந்தக் கதவில்தான் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

வாசலில் தொங்கும் மணியின் இழுகம்பிகளையும் கவனிக்க வேண்டும். ஒன்று மூவிலை வடிவில் இருக்கும். அடுத்தது தேவதாரு மரக் காயின் வடிவில் இருக்கும். தெருவிளக்கு இல்லாத காலத்தில், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகளுக்கு நடுவே இருட்டில் கையால் தடவித் தம் வீட்டைக் கண்டுகொள்ள அது உதவியது என்று சொல்கிறார்கள். வீட்டெண்களும் பழங்காலக் கோதிக் எழுத்து வடிவில் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. வீடுகளுக்கு எண் இடும் வழக்கம் ஐரோப்பிய நகரங்களில் பரவுவதற்கு வெகு காலம் முன்பே இங்கே எண்கள் வந்துவிட்டன.

இரவில் வாயில்களை மூடிவிடுகிறார்களா?

ஆம். இரவு பத்து மணிக்கு வாயில்கள் அடைக்கப்படும். விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும். இரவு பத்து மணிக்குப் பிறகு வரும் குடியிருப்பவர் காளைத் தெரு என்று பொருள்படும் ஆக்ஸன்காஸ்ஸெ தெருவின் வாயிலுக்கு வந்து இரவுக் காவலரை அழைக்க வேண்டும். நள்ளிரவுக்குள் வந்தால் 50 சென்ட், அதற்குப் பிறகு வந்தால் ஒரு யூரோ அவருக்குக் கொடுப்பது வழக்கம். ஓராண்டு வாடகையைவிட ஓரிரவு தாமதத்துக்குக் கட்டணம் அதிகம் என்பதை அங்குள்ளவர்களே சிரித்தபடி சொல்வதுண்டு.

ஐந்நூறு ஆண்டுகள் பணம் எப்படித் தாங்கியது?

எல்லாக் கேள்விகளிலும் முதன்மையானது இதுதான். வியப்புக்குரிய வாடகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை.

யாக்கோப் கட்டடங்களோடு நிற்கவில்லை. அவற்றின் பராமரிப்புக்காக 10,000 கில்டரை மூலதனமாக ஒதுக்கினார். முதலைத் தொடாமல் வருவாயைக் கொண்டு மட்டுமே அறத்தை நடத்துவது ஏற்பாடு. நம் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கென ஆடுகளைக் கொடுத்து அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்று குறிப்பார்கள்; ஆடுகள் சாகலாம், மூப்படையலாம், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது அதன் பொருள். யாக்கோபின் கில்டர்களும் அத்தகையவைதாம்.

மூலதனம் முதலில் ஃபுக்கர் நிறுவனத்திடமே வட்டிக்கு இருந்தது. யாக்கோபுக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன் அன்டோன் ஃபுக்கர் நிறுவனத்தை ஏற்று, 1548இல் அறக்கட்டளைகளின் விதிகளையும் விரிவாக வகுத்து வைத்தார். ஆனால் கடன் வாங்கிய ஸ்பெயின் அரசு 1557 முதல் திரும்பத் திரும்ப நொடித்துப்போய்க் கையை விரித்தது. அரசர்களை நம்பிய வங்கித் தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்து, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நிறுவனம் மூடப்பட்டது. நிறுவனத்தோடு அறக்கட்டளையும் அழிந்திருக்க வேண்டும். அழியாததற்குக் காரணம், அதன் செல்வம் பணத்திலிருந்து படிப்படியாக நிலத்துக்கும் காட்டுக்கும் மாற்றப்பட்டதுதான்.

இன்று ஃபுக்கர் அறக்கட்டளைகளிடம் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் காடு இருக்கிறது. மரம் வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்க்கப்படுகிறது. விற்ற மரத்தின் பணம் கூரை ஓட்டுக்கும் குழாய்க்கும் சுவர்ப்பூச்சுக்கும் போகிறது. 1923ஆம் ஆண்டு ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடி, ரொக்கமாகவும் பத்திரமாகவும் செல்வத்தை வைத்திருந்த எண்ணற்ற அறக்கட்டளைகளின் கணக்கு ஒரு ரொட்டி வாங்கக்கூடப் போதாமற்போனபோது, காடு காடாகவே நின்றது. அதே நூற்றாண்டில் ஜெர்மன் நாணயமான மார்க்கின் பெயரும் மதிப்பும் பலமுறை மாறின. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் என்ற கணக்கில் வளர்ந்துகொண்டே இருந்தது. காட்டோடு, நகரத்திலுள்ள சில சொத்துகளின் வருவாயும் சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக் கட்டணமும் இப்போது சேர்ந்துகொள்கின்றன. புயலும், மரப்பட்டையைத் துளைக்கும் வண்டும், வறண்ட கோடையும் இன்றைய கவலைகள். ஊசியிலை மரங்களை மட்டும் நம்பியிருந்த காடுகளில் பலவகை மரங்களை வளர்ப்பது அதனாலேயே இப்போது அந்நாட்டில் வலியுறுத்தப்படுகிறது.

அங்கே எப்போதும் அமைதிதான் நிலவியதா?

இல்லை. முப்பதாண்டுப் போரின்போது, 1632இல் சுவீடன் படைகள் ஆக்ஸ்புர்க்குக்குள் நுழைந்தன. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் படைவீரர்களின் தங்குமிடமாயின. அதிலிருந்து மீண்டு சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இன்னும் கொடியது. ஃபுக்கெராய்க்குள் மேகநோயாளிகளுக்கான ஒரு சிகிச்சை இல்லம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த குவாயக் மரத்தின் கஷாயத்தால் சிகிச்சை தரப்பட்டதால் அதை மரவீடு என்று அழைத்தார்கள். அங்கே பணிசெய்த டொரோத்தியா பிரவுன் என்ற பெண் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1625இல் மரண தண்டனைக்கு உள்ளானார். குற்றம் சொன்னவர்களில் அவருடைய சொந்தச் சிறு மகளும் ஒருத்தி. ஆக்ஸ்புர்க்கில் சூனியக் குற்றச்சாட்டில் உயிரிழந்தவர்களில் முதலாமவர் இவர் என்று கூறப்படுகிறது. மதிலுக்குள் வறுமையைத் தடுக்க முடிந்தது. அச்சத்தைத் தடுக்க முடியவில்லை.

1944இல் குண்டுவீச்சில் அழிந்துவிட்டது என்கிறார்களே. அப்படியானால் இன்று நாம் காண்பது பழையதா, புதியதா?

இரண்டும் கலந்தது. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 25, 26 நாள்களில் நேச நாட்டு வானூர்திகள் ஆக்ஸ்புர்க்கின் மீது பெருந்தாக்குதல் நடத்தியபோது, ஃபுக்கெராயின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது, தேவாலயமும் எரிந்தது. போர்க்காலத்தில் வளாகத்தின் அடியில் கட்டப்பட்டிருந்த பதுங்குகுழியில் குடியிருப்போர் ஒதுங்கியிருந்தனர்.

தாக்குதல் முடிந்த சில நாள்களிலேயே, மார்ச் 1ஆம் நாள், குடும்ப மன்றம் கூடி மீண்டும் கட்டுவதென்று தீர்மானித்தது. போர் இன்னும் ஓயவில்லை, நகரம் புகைந்துகொண்டிருந்தது. ராய்முண்ட் ஃபொன் டோப்ல்ஹோஃப் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில், பழைய அடித்தளத்தின் மேல், பழைய வடிவிலேயே வீடுகள் எழுந்தன. 1947 முதல் மக்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பக்கத்தில் இடிந்து கிடந்த மனைகளையும் வாங்கி, 1970களின் தொடக்கம் வரை குடியிருப்பை விரிவுபடுத்தினார்கள். கணவரைப் போரில் இழந்த பெண்களுக்கு அவ்வீடுகள் புகலிடமாயின. எனவே சுவரில் பழமை தேடுவோருக்குச் சற்று ஏமாற்றம் நேரலாம். பல சுவர்களுக்கு எண்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் வீட்டின் அளவும் தெருவின் போக்கும் சாசனமும் வாடகையும் பழையவை.

உலகின் மிகப் பழைய ஏழையர் குடியிருப்பு இதுதானா?

அப்படிச் சொல்வது பிழை. முதியோருக்கும் ஏழைகளுக்குமான அறச்சாலைகள் ஐரோப்பாவில் இதைவிடப் பழையவை உண்டு. இங்கிலாந்தின் வின்செஸ்டரில் உள்ள புனித சிலுவை இல்லம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றும் இயங்குகிறது. உழைக்கும் குடும்பங்களுக்கென்று தனித்தனி வீடுகளாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டு, அதே நோக்கத்துக்காக இன்றும் பயன்படும் குடியிருப்புகளில் மிகப் பழையது ஃபுக்கெராய் என்று சொன்னால் பொருந்தும்.

மோட்சார்ட் இங்கே வாழ்ந்தாரா?

இசைமேதை வோல்ஃப்காங் அமடேயுஸ் மோட்சார்ட் வாழவில்லை. அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஃபிரான்ஸ் மோட்சார்ட் வாழ்ந்தார். கொத்தனாரான அவர் வறுமையுற்று 1681இல் இங்கே குடிவந்து, 1694இல் இறக்கும்வரை நடுத்தெருவில் இருந்த 14ஆம் எண் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

மக்கள் வாழும் இடத்தைக் காட்சிப் பொருளாக்குவது சரியா?

போகும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு பயணி ஒரே நாளுக்குக் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் அங்கே வாழ்பவரின் ஆண்டு வாடகையைப் போலப் பல மடங்கு. அந்தப் பணம் பராமரிப்புக்கு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் கீழ்த்தளத்துச் சன்னல்கள் தெருவை ஒட்டியே இருக்கின்றன. அதன் உள்ளே காலை உணவு அருந்தும் மூதாட்டி யாருக்கும் காட்சி தர ஒப்புக்கொண்டவர் அல்லர். வீட்டின் உட்புறத்தைப் பார்க்க விரும்புவோருக்கென்றே, பழைய அறைகலன்களோடு ஒரு வீடும், இக்கால வசதிகளோடு ஒரு மாதிரிக் குடியிருப்பும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. குடியிருப்போரில் சிலர் நுழைவுச்சீட்டு வழங்குவது, தோட்டம் பார்ப்பது, இரவுக் காவல் போன்ற பணிகளைத் தாங்களே செய்கிறார்கள். அவர்களோடு பேசலாம், பேசவும் செய்வார்கள்.

போகிறவர்கள் எதைத் தவறவிடக் கூடாது?

மூனிக்கிலிருந்து தொடர்வண்டியில் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் ஆக்ஸ்புர்க்கை அடையலாம். நகர மண்டபச் சதுக்கத்திலிருந்து ஃபுக்கெராய்க்குப் பத்து நிமிட நடை. 1581–82இல் ஹான்ஸ் ஹோல் கட்டிய புனித மாற்கு தேவாலயம் சிறியது. அக்கம்பக்கத்துத் தேவாலயம் சீர்திருத்தச் சபையினர் கைக்குப் போனபின், குடியிருந்த கத்தோலிக்கர் ஜெபிக்க இடமின்றிப் போனதால் எழுந்தது. நடுத்தெருவில் 13ஆம் எண் வீட்டில் பழைய அடுப்பங்கரையையும் படுக்கையறையையும் பார்க்கலாம். மோட்சார்ட்டின் கொள்ளுப்பாட்டனார் இருந்தது அதற்கு அடுத்த வாசல். பதுங்குகுழிக்குள் 1944ஆம் ஆண்டு அழிவின் ஒளிப்படங்கள் இருக்கின்றன. மேலே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகு அங்கே இறங்குவது நல்லது, ஏனெனில் எந்த வீட்டைப் பார்த்து வந்தோமோ அதே வீட்டின் கூரையற்ற சுவர் அந்தப் படத்தில் நிற்கும். பயணிகளுக்கான நேரம் மாலையோடு முடிந்துவிடும். பத்து மணி வாயிலடைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வெளியே, ஆக்ஸன்காஸ்ஸெ வாயிலருகே நின்றுதான் பார்க்க வேண்டும்.